ஒரு ஜன்னல், ஒரு சுருள் தார்த்தாள், மூன்று முயற்சி

மரத்தில் எவ்வளவு ஈரம் என்று காட்டும் ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் ஜன்னலின் இடது கீழ் மூலையில், சுவர் மரத்தில் குத்தினேன். 13 சதவீதம். நம்பாமல் ஒரு ஜாண் தள்ளிக் குத்தினேன். அங்கும் 13. நான்கு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த மறுநாள் இது. இரண்டு வருடத்துக்கு முன் இதே மூலையில் ஸ்க்ரூ டிரைவரைச் சும்மா வைத்து அழுத்தியபோது ஓர் அங்குலம் உள்ளே போய் நின்றது. இடையில் இந்தச் சுவரை மூன்று தடவை பிரித்துப் பூட்டியிருக்கிறேன், அதில் இரண்டு தடவை தப்பாக. இப்போது சரியாகிவிட்டது என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் சுவரைச் சொல்லிவிடுகிறேன். வீட்டின் பின்பக்கம் மரச்சட்டத்தில் கட்டிய ஓர் அறை. அதன் மேற்குச் சுவர் 12 அடி அகலம், 9 அடி உயரம். உள்ளிருந்து வெளியே வந்தால் உட்பலகை, 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரச்சட்டங்கள், அதன் மேல் 4 நூல் (எட்டு நூல் ஓர் அங்குலம்) ப்ளைவுட், அதன் மேல் ஒரு தாள், கடைசியாக ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும் கிடைப்பலகைகள். நடுவில் 4 அடிக்கு 4 அடி அலுமினிய ஜன்னல். ஜன்னலைச் சுற்றி ஒன்றரை அங்குல அகலத்தில் ஆணி அடிக்கும் விளிம்பு உண்டு. காற்றோடு சாய்ந்து வரும் மழை முழுக்க இந்தச் சுவரில்தான் அடிக்கும்.

முதலில் தெரிந்தது ஜன்னலுக்குக் கீழே உட்பக்கப் பெயின்ட் கொப்பளித்தது. அப்புறம் ஊறிய மரத்தின் வாசனை. எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: சிலிக்கான் துப்பாக்கியை எடுத்து ஜன்னலைச் சுற்றி நான்கு பக்கமும் பூசினேன். அடிப்பக்கத்தையும் சேர்த்துத்தான். அந்த அடிப்பக்கம்தான் உள்ளே போன தண்ணீர் வெளியே வர இருந்த ஒரே சந்து. அதை என் கையாலேயே அடைத்துவிட்டேன். அடுத்த மழையில் கொப்புளம் இரண்டு மடங்கானது.

சரி, பிரித்துவிடுவோம் என்று ஜன்னலுக்குக் கீழே இருந்த பலகைகளை மட்டும் ஆணி பிடுங்கியால் கழற்றினேன். பின்னால் செந்நிறத்தில் ஒரு தாள், தொட்டவுடன் சருகுபோல உதிர்ந்தது. அது தரைப்பலகைக்கு அடியில் கிறீச் சத்தம் வராமலிருக்க விரிக்கும் வகை. தார் ஊறாத தாள், தண்ணீரைத் தாங்காது. தார்த்தாள் வர வேண்டிய இடத்தில் யாரோ இதை மாற்றி அடித்துவிட்டார்கள். ப்ளைவுட் இடது மூலையில் கறுத்து, அடுக்கு அடுக்காகப் பிரிந்திருந்தது. அங்கே ஈரமானி 31 காட்டியது. மரம் நீண்ட நாள் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

கெட்ட துண்டை வெட்டி எடுத்து, புதுத் துண்டு பொருத்தி, அதன் மேல் 6 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) கனப் பாலித்தீன் விரித்துப் பலகைகளை மூடினேன். என் நியாயம் எளிது. பிளாஸ்டிக் தண்ணீரை விடாது, அப்புறம் என்ன? எட்டு மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது பாலித்தீனின் உள்பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர். புது ப்ளைவுட் 28. தண்ணீர் மேலே ஜன்னல் பக்கமிருந்து பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இறங்கியிருக்கிறது. போன தண்ணீர் திரும்ப வரவும் முடியவில்லை, காயவும் முடியவில்லை. நீராவி ஊடுருவலைப் பெர்ம் என்ற அலகில் சொல்வார்கள். 6 மில் பாலித்தீன் 0.06 பெர்ம் அளவில்தான் விடும். 15 எண் தார்த்தாள் காய்ந்திருக்கும்போது 5 பெர்ம் அளவிலும், நனைந்தால் அதைவிடப் பல மடங்கும் விடும். அதாவது தாள் நனைந்தால் சுவர் இன்னும் வேகமாகக் காய்கிறது. தரைக் கான்கிரீட்டுக்கு அடியில் என்றால் பாலித்தீன்தான் சரி, மண் ஈரம் மேலே ஏறக் கூடாது. வெளிச்சுவர் வேறு கதை.

இரண்டாம் முயற்சிக்குத் தார்த்தாள் வாங்கினேன். 15 எண், 30 எண் என்று இரண்டு கிடைத்தன. 100 சதுர அடிக்கு இத்தனை பவுண்டு எடை என்பதிலிருந்து வந்த பெயர்கள் இவை. இப்போது வரும் 15 எண் தாள் பெரும்பாலும் அந்த எடைக்கு வருவதில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. 15 எண் சுருள் 3 அடி அகலம், 144 அடி நீளம். 30 எண் அதே அகலம், பாதி நீளம், மூலையில் மடித்தால் விறைத்துக்கொண்டு நிற்கும். 15 எடுத்தேன், அதில் வருத்தமில்லை.

வாங்கி வந்த அன்றே ஒரு விளையாட்டு. கட்டுமானத் தாள்களில் 10 நிமிடத் தாள், 60 நிமிடத் தாள் என்று ஒரு தரம் உண்டு. தாளைப் படகுபோல மடித்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஈரம் மேல்பக்கம் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனையிலிருந்து வந்த எண் அது. நான் ஒரு துண்டைக் கிண்ணம்போல மடித்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, பழைய செய்தித்தாளின் மேல் வைத்தேன். காலையில் பார்த்தால் செய்தித்தாள் காய்ந்தே இருந்தது. மடிப்பு முனை ஒன்றில் மட்டும் நகக்கண் அளவு ஈரம். அந்த மடிப்பை நான் நகத்தால் அழுத்தித் தேய்த்திருந்தேன். மூலையில் தாளைத் திருப்பும்போது விளிம்பைக் கூர்மையாக அழுத்தக் கூடாது என்று அப்போதே குறித்துவைத்தேன். உருப்படியான குறிப்பு அது ஒன்றுதான். மீதியெல்லாம் கோட்டை விட்டேன்.

இந்தத் தடவை சுவர் முழுவதையும் பிரித்து, ஜன்னலையும் கழற்றிவிட்டேன். கீழிருந்து தொடங்கி, ஓடு வேய்வதுபோல மேல் வரிசை கீழ் வரிசையின் மேல் ஏறும்படி அடித்தேன். அமெரிக்க வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு கிடையாக 2 அங்குலம், பக்கவாட்டு இணைப்பில் 6 அங்குலம் ஏற்றம் கேட்கிறது. சிக்கனமாக 2 அங்குலமே வைத்தேன். நான்கு வரிசை வந்தது. பிறகுதான் கணக்குப் போட்டேன்: 6 அங்குலம் ஏற்றியிருந்தாலும் 9 அடிக்கு அதே நான்கு வரிசைதான். மிச்சம் பிடித்தது கூரைக்கு அடியில் வெட்டி எறிந்த துண்டு மட்டும்.

ஜன்னல் திறப்பில் தாளைப் பெருக்கல் குறிபோல வெட்டி, நான்கு மடலையும் உள்ளே மடித்து ஸ்டேபிள் அடித்தேன். அதன் மேல் ஜன்னலை வைத்து, விளிம்பில் ஆணி அடித்து, நான்கு பக்கமும் 6 அங்குல ஒட்டும் தார்ப்பட்டையை ஒட்டினேன். பார்க்க அத்தனை அழகு. புகைப்படம்கூட எடுத்தேன்.

பலகை வந்து சேர மூன்று வாரமானது. அதுவரை தாள் வெயிலிலும் பனியிலும் திறந்து கிடந்தது. இரவு ஈரத்தில் உப்பும், பகலில் சுருங்கும். ஒரு வாரத்தில் சுவர் முழுக்க அலை அலையாக மடிப்பு. ஒருநாள் பலத்த காற்றில் மேல் வரிசை ஸ்டேபிள் பின்களைச் சுற்றிக் கிழிந்து தொங்கியது. பின்னின் மெல்லிய முதுகு தாளை வெட்டிவிடுகிறது. நான் என்ன செய்தேன்? இன்னும் நூறு பின் அடித்தேன்.

இன்னொரு கூத்தும் நடந்தது. தார் படிந்த கையை மண்ணெண்ணெய்த் துணியில் துடைத்து, அந்தத் துணியைத் தாளின் மடிப்பில் செருகிவைத்தேன். எடுக்கும்போது தார் இளகி, நார் தெரிய ஓர் ஓட்டை. இப்போதெல்லாம் கையுறைதான்.

பலகை அடிக்கும் முன் குழாயால் சோதிக்கலாம் என்று தோன்றியதுதான் இந்தக் கதையில் எனக்கு வந்த ஒரே நல்ல புத்தி. உட்பலகையைக் கழற்றிவிட்டு, தங்கை டார்ச்சோடு உள்ளே நின்றாள். நான் வெளியே கீழிருந்து தொடங்கினேன். ஜன்னலின் அடிமட்டத்தில் 15 நிமிடம், ஒன்றுமில்லை. பக்கங்களில் 15 நிமிடம், ஒன்றுமில்லை. ஜன்னலின் மேலே ஓர் அடி உயரத்துக்குப் போனேன். 11 நிமிடத்தில் உள்ளிருந்து குரல்: "அண்ணா, வருது! இடது பக்கம்!"

என்னால் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒட்டும் பட்டை எங்கும் தூக்கவில்லை. கடைசியில் தெரிந்த தச்சர் ஒருவரைக் கூப்பிட்டேன். வயதில் பெரியவர், ஏணியில் ஏறாமலே பார்த்தார். "தம்பி, உங்களை ஒரு சொட்டுத் தண்ணின்னு வச்சுக்குங்க. மேலேர்ந்து இறங்கி வாங்க பாப்போம்" என்றார். நான் விரலைத் தாளின் மேல் வைத்து இறக்கினேன். ஜன்னலுக்கு மேலே ஒட்டிய பட்டையின் மேல்விளிம்பில் விரல் இடித்தது. "இப்ப எங்க போவீங்க?" விரல் இடித்த இடத்தில் தாளின் சுருக்கம் ஒன்று பட்டைக்கு அடியில் சின்னக் கால்வாய்போல ஓடியது. அதில் நுழைந்தால் ஜன்னல் விளிம்புக்குப் பின்னால் வரலாம், அங்கிருந்து நேரே அறைக்குள். "அவ்வளவுதாண்ணே" என்றேன். அவர் டீயைக் கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அதாவது அடியிலும் பக்கத்திலும் ஜன்னல் விளிம்பு தாளின் மேல் உட்கார வேண்டும், சரி. தலைப்பக்கத்தில் மட்டும் தாள்தான் விளிம்பின் மேல் வந்து விழ வேண்டும். நான் நான்கு பக்கத்தையும் ஒன்றுபோலச் செய்துவிட்டு, அந்தத் தப்பைப் பசையை நம்பி மூடியிருந்தேன்.

மூன்றாம் முயற்சியில் பலகையைத்தான் முதலில் வாங்கினேன். முன், பின், வெட்டுமுனை என்று எல்லாப் பக்கமும் பிரைமர் அடித்து நிழலில் அடுக்கியபிறகே பழைய தாளைக் கிழித்தேன். ப்ளைவுட்டை ஒன்பது நாள் திறந்து காயவிட்டேன். தார்ப்பாய் மட்டும் மேலிருந்து ஓரடி தள்ளித் தொங்கியது. 16க்குக் கீழே வந்ததும் வேலை தொடங்கியது. ப்ளைவுட்டில் பசை இருப்பதால் ஈரமானியின் எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை, ஆனால் அதே இடத்தில் அதே கருவி காட்டும் ஏற்ற இறக்கத்தை நம்பலாம்.

ரசமட்டம் வைத்து நூல் அடித்துக்கொண்டு, கீழ் வரிசையை அடித்தளக் கட்டைக்கு ஓர் அங்குலம் கீழே இறங்கும்படி நிறுத்தினேன். ஏற்றம் இந்தத் தடவை 6 அங்குலம். இரு மூலைகளிலும் ஓரடி திருப்பினேன், ஒரு வரிசைக்கு 14 அடி, நான்கு வரிசைக்கு 56 அடி. ஒரே நீளமாக ஓடியதால் நடுவில் செங்குத்து இணைப்பே இல்லை. ஸ்டேபிளுக்குப் பதில் அகலமான பிளாஸ்டிக் தொப்பி வைத்த ஆணி, சட்டத்தின் மேல் மட்டும், ஓர் அடிக்கு ஒன்று. இரண்டாம் முயற்சியில் முந்நூறுக்கு மேல் ஓட்டை போட்ட இடத்தில் இப்போது நூற்றுக்கும் குறைவு.

ஜன்னலில்தான் முழு ஒரு நாள் போனது. திறப்பின் அடிக்கட்டையில் 3 நூலிலிருந்து பூஜ்யத்துக்குச் சரியும் ஆப்புப் பட்டைகளை வெளிப்பக்கம் சரியும்படி வைத்தேன். அதன் மேல் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் மடித்த தட்டு. உள்பக்கம் ஓர் அங்குலம் நிமிர்ந்த தடுப்பு, இரு பக்கமும் 4 அங்குலம் ஏறிய காதுகள், முன்பக்கம் தாளின் மேல் 2 அங்குலம் இறங்கும் உதடு. முதல் தட்டு 2 நூல் நீளம் கூடிப்போய் நடுவில் வளைந்தது, தூக்கிப் போட்டேன். இரண்டாவது சரியாக உட்கார்ந்தது. ஆனால் மூலையில் வெட்டிய இடம் திறந்திருந்தது. ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். ஜன்னல் வைக்கும் முன் ஒரு குவளைத் தண்ணீரைத் தட்டில் ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் தயங்கித் தயங்கி முன்னால் நகர்ந்து, உதட்டில் கோடாக நின்று, தாளின் மேல் இறங்கியது. இடது மூலையில் மட்டும் ஒரு சொட்டு நின்றுகொண்டே இருந்தது, பற்றவைத்த ஈயம் அங்கே சிறு மேடாகியிருந்தது. அரத்தால் இரண்டு இழுப்பு. அந்தச் சொட்டும் கிளம்பியது.

தாளின் தலைப்பக்கத்தில் இந்தத் தடவை பெருக்கல் குறி வெட்டு இல்லை. திறப்பின் இரு மேல்மூலைகளிலிருந்தும் வெளிப்பக்கமாகச் சாய்வாக 8 அங்குலம் கீறி, அந்த மடலை மேலே தூக்கித் தற்காலிகமாக ஒட்டிவைத்தேன். பக்கவாட்டு, தலைப்பக்க விளிம்புகளுக்குப் பின்னால் சீலண்ட் ஒரு கோடு. அடி விளிம்புக்கு ஒன்றும் இல்லை, தட்டில் விழும் தண்ணீர் அந்த வழியாகத்தான் வர வேண்டும். ஜன்னலை ஏற்றி ஆணி அடித்த பிறகு முதலில் பக்கப் பட்டைகள், அதன் மேல் தலைப்பட்டை, அதன் மேல் முன்னால் மடிந்து நிற்கும் தகட்டுத் தொப்பி. கடைசியாகத் தூக்கிவைத்திருந்த மடலை இறக்கி, சாய்வாகக் கீறிய இரண்டு கோடுகளையும் பட்டையால் மூடினேன். மடலின் அடிவிளிம்பை ஒட்டவில்லை. ஒட்ட வேண்டும்போலக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன்.

மறுபடி தங்கை, மறுபடி டார்ச். மேல்மட்டத்தில் 15 நிமிடத்துக்குப் பதில் 40 நிமிடம் பிடித்தேன். இந்தத் தடவை நானும் கிட்டே நின்று பார்த்தேன். தாளில் இறங்கும் தண்ணீர் மடலின் விளிம்புக்கு வந்ததும் கொஞ்சம் தடித்து, தகட்டுத் தொப்பியின் மேல் குதித்து, அதன் நுனியிலிருந்து சொட்டியது. உள்ளிருந்து சத்தமே இல்லை. "இருக்கியா?" என்று கேட்டேன். "இருக்கேன், போரடிக்குது" என்று பதில் வந்தது.

பலகையை நேராகத் தாளின் மேல் அடிக்காமல், ஒவ்வொரு சட்டத்தின் மேலும் 6 நூல் கனத்தில் ஒரு செங்குத்து ரீப்பர் அடித்தேன், 12 அடிக்குப் பத்து. பலகைக்கும் தாளுக்கும் நடுவில் தண்ணீர் இறங்கவும் காற்று ஏறவும் அந்தச் சந்து. அடியில் பூச்சி வலை. ரீப்பரால் சுவர் 6 நூல் முன்னால் வந்துவிடும் என்பதை யோசிக்கவில்லை, ஜன்னல் உள்ளே அமுங்கியதுபோலத் தெரிந்தது. நல்லவேளையாகத் தொப்பியைக் கொஞ்சம் நீளமாக மடித்திருந்தேன், ஒரு நூல்தான் வெளியே நீட்டிக்கொண்டு தப்பியது. ஜன்னலைச் சுற்றிக் கூடுதல் பட்டி செய்து ஒட்ட ஒன்றரை நாள் வீண். கீழ்ப்பலகை தரையிலிருந்து 6 அங்குலம் தூக்கி நிற்கிறது.

செலவில் தாளுக்கு ஆனதை ஒரு பங்கு என்று வைத்தால், தார்ப்பட்டையும் தகடும் சேர்ந்து இரண்டு, ப்ளைவுட் மூன்று, பலகை ஒன்பது. தொப்பி ஆணி தாளில் பாதி. மூன்று முயற்சியையும் கூட்டினால் பதினேழு நாள் வேலை. கடைசி முயற்சி மட்டும், காயவிட்ட நாள் போக, ஆறு.

அடுத்த தடவை தகட்டுத் தொப்பியை ரீப்பர் கனத்தையும் பலகைக் கனத்தையும் கூட்டி, அதற்கு மேல் 4 நூல் விட்டு மடிப்பேன். தட்டின் பின்தடுப்பை ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றரையாக்குவேன். சுவரை மூடும் முன், ஜன்னலின் நான்கு மூலையிலும் ப்ளைவுட்டில் இரண்டிரண்டு நீள ஸ்க்ரூவை உட்பக்கம் தலை நீட்டும்படி விட்டுவைத்தால், உட்பலகையைக் கழற்றாமலே ஈரமானியை அதில் தொட்டுப் பார்க்கலாம். இந்த யோசனை எல்லாம் மூடி முடித்த மறுநாள்தான் வருகிறது. சுவருக்கு வெளியே பலகைக்குப் பதில் சிமென்ட் பூச்சு வருவதாக இருந்தால் இந்தத் தாளை இரட்டையாக அடிப்பேன். வெளித் தாள் பூச்சோடு ஒட்டிக்கொள்ளும், உள் தாள் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும்.

மூடிய அன்று இடது மூலை 15. ஒரு மாதத்தில் 14. இப்போது 13. சுருளில் சுமார் 25 அடி மிச்சம் இருக்கிறது, படுக்கவைத்தால் நசுங்கி ஒட்டிக்கொள்ளும் என்பதால் மூலையில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். ஈரமானி கையில் இருந்ததே என்று வடக்குச் சுவர் ஜன்னலுக்குக் கீழேயும் குத்திப் பார்த்தேன். 19.